இரண்டு காவல்

"கண்ட கண்ட பென்டிரைவை எல்லாம் குத்தினால் இப்பிடித்தான் வரும், பிள்ளை."

குகதாசன் சத்தத்தை அடக்கித்தான் சொன்னார். ஆனாலும் உருத்திரபுரம் பால் பண்ணையாளர் சங்கத்தின் அந்த ஒற்றை அறை அலுவலகத்தில், வாசலில் நின்ற சனம் முழுவதுக்கும் அது கேட்டது.

சாரங்கா கணினிக்கு முன்னால் தலை குனிந்து இருந்தாள். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பியது. 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது.' அதை மூட இன்னொன்று. அதையும் மூட, திரும்பவும் முதலாவது.

வெள்ளத்தில் மாடு பறிகொடுத்தவர்களுக்குப் புதிதாக மாடு கொடுக்க ஒரு திட்டம் வந்திருந்தது. செத்த மாடுகளின் படங்கள், சொந்தக்காரரின் விபரங்கள் எல்லாம் ஒரே பைலில் கிடந்தன. பின்னேரத்துக்குள் அது வவுனியாவில் இருக்கும் திட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். காலையில் கணினியைப் போட்டால் பைலையே காணவில்லை.

வாசற்படியில் குந்தியிருந்த வீரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"திருப்பிப் படம் எடுக்கலாமெண்டால், மண்ணுக்குள்ளை தாட்ட மாட்டைக் கிண்டியே எடுக்கிறது?"



சாரங்கா எழுந்து வெளியே போனாள். வேப்பமரத்துக்குக் கீழே நின்று யாருக்கோ போன் எடுத்தாள். திரும்பி வந்து, கிளிநொச்சியிலிருந்து கணினி திருத்துகிற லாபிர் வருகிறான் என்று மட்டும் சொன்னாள்.

குகதாசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கத்தின் முகாமையாளர் அவர். யன்னலுக்கும் கணினிக்குமாக நடந்தார். ஊற்றி வைத்த பிளேன்ரீ ஆறிப்போனது. சங்கத் தலைவர் சிற்றம்பலம் போன் எடுத்து எடுத்துக் கேட்டார். ஒவ்வொரு முறையும் இவர் சொன்ன பதில் ஒன்றுதான். ஊராரின் போன்களில் இருந்த படங்களைப் பிள்ளை பென்டிரைவில் கொண்டுவந்தது, அதோடு வைரஸும் வந்துவிட்டது.

சாரங்காவுக்கு நிரந்தர வேலை இல்லை. வருகிற மாதம் அவளை வைத்திருப்பதா, நிற்பாட்டுவதா என்று தலைவர்தான் முடிவெடுப்பார். அது குகதாசனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கேட்கிறவருக்கு எதையாவது சொல்லத்தானே வேண்டும்?

அவள் ஒரு சொல் மறுத்துப் பேசாததே அவருக்குப் போதிய அத்தாட்சியாகப் பட்டது. பிழை செய்யாத ஆள் என்றால் வாயைத் திறந்திருக்கும்.

வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் லாபிர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவன், கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் திறந்து பார்த்தான்.

"வைரஸ் ஒண்டும் இல்லை, சேர். உள்ளுக்கை ரெண்டு காவல் நிக்குது. அதுதான் கரைச்சல்."

பிறகு விளங்கும்படி சொன்னான். கணினியில் ஏற்கெனவே ஒரு வைரஸ் தடுப்பு இருந்தது. அதற்கு மேலே இன்னொன்றை யாரோ இறக்கிப் போட்டிருக்கிறார்கள். புதியது நல்ல பைலை வீணாகச் சந்தேகப்பட்டுப் பிடித்துத் தனக்குள் பூட்டிவிட்டது. அது பூட்டி வைத்த இடத்தை வைரஸ் கூடு என்று நினைத்துப் பழையது கத்துகிறது. கத்துகிற பழையதையே வைரஸ் என்று புதியது சொல்கிறது. பென்டிரைவில் ஒரு குற்றமும் இல்லை.

வாசலில் நின்றவர்களின் கண்களெல்லாம் சாரங்காவின் பக்கம் திரும்பின. எந்நேரமும் கணினிக்கு முன்னால் இருப்பவள் அவள்தானே.

குகதாசனின் நடை நின்றுவிட்டது.

அந்தக் கணினியைத் தொடுவது இரண்டே பேர், அவளும் அவரும். போன கிழமை, அவள் சாப்பிடப் போயிருந்த நேரம், அவர் அதில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். 'உங்கள் கணினிக்கு ஆபத்து. இலவசப் பாதுகாப்பு' என்று ஒன்று வந்து நின்றது. காவல் கூடினால் நல்லதுதானே என்று அமத்திவிட்டார்.

இப்போது லாபிர் கேட்கப் போகிறான், ஆர் போட்டதென்று. குகதாசன் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். தானே சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வாசலில் இத்தனை சனம்.

லாபிர் கேட்கவில்லை. புதியதைக் கழற்றினான். பூட்டுக்குள் கிடந்த பைலை மீட்டு, பழையதைக் கொண்டு ஒருக்கால் சோதித்தான். திரையில் வீரம்மாவின் சிவலைப் பசு, வேலியோரம் வெள்ளம் ஒதுக்கிய கோலத்தில் தெரிந்தது. வீரம்மா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினாள். சாரங்கா பைலை அனுப்பி வைத்தாள்.

தலைவர் திரும்பவும் போன் எடுத்தார். குகதாசன் இந்தமுறை எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கதைத்தார்.

"ஓம் ஐயா, அனுப்பியாச்சு. பிள்ளைதானே, தெரியாமல் செய்திட்டுது. நான் மன்னிச்சு விட்டிட்டன். நீங்களும் பெரிசுபடுத்தாதேங்கோ."

நல்ல மனிசன் என்று வாசலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சாரங்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

லாபிரை வழியனுப்ப மோட்டார் சைக்கிளடிக்குக் கூடவே போனார் குகதாசன். ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த ரெண்டாவதை ஆர் போட்டதெண்டு நீர் கேக்கவே இல்லையே?"

லாபிர் ஹெல்மெட்டைக் கொழுவிக்கொண்டே சொன்னான்.

"சாரங்கா காலமை போனிலையே சொன்னவா, சேர். 'ரெண்டு கிடக்குதண்ணை, வந்து ஒண்டைக் கழட்டிவிடுங்கோ. ஆர் போட்டதெண்டு மட்டும் சனத்துக்கு முன்னாலை கேட்டிடாதேங்கோ, சேர் கூச்சப்படுவார்' எண்டு."