மெயினை மட்டும் தொடாதீங்க

எட்டு சோலார் பலகைகளும் முந்தின நாளே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டன. அங்கிருந்து இறங்கும் ஒயரைக் கூடத்து மெயின் பெட்டியில் சேர்ப்பதுதான் பாக்கி. அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் எலெக்ட்ரீஷியன் காலை பத்து மணிக்கு வந்தான். பன்னிரண்டு ஆகியும் ஒரு திருகைக்கூடக் கழற்ற முடியவில்லை. வீட்டுக்காரர் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“மெயினை அணைக்கணும் சார். கொஞ்சம் நகருங்க.”

“அணைக்காம சேர்க்க முடியாதா?”

“சேர்க்கலாம். அப்புறம் என்னை நாலு பேர் தூக்கிட்டுப் போகணும்.”

அவர் சிரிக்கவில்லை. “மெயினை மட்டும் தொடாதீங்க தம்பி. உள் ரூம்ல ஃப்ரீசர் ஓடுது. அது ஒரு நிமிஷம்கூட நிக்கக்கூடாது.”

எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான். ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஃப்ரீசர். அதில் ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டு.

“உள்ளே என்ன சார்?”

“அது எதுக்கு உங்களுக்கு? சாவிகூட என்கிட்ட இல்ல.”

சோலார் வேண்டும் என்று கடைக்கு வந்து கேட்டது, பலகை ஏற்றும்போது கூடவே நின்று அதிகாரம் செய்தது எல்லாம் இவருடைய மனைவிதான். நேற்று சாயங்காலம் வரை வாய் ஓயாமல் பேசிய அந்த அம்மாவை இன்று காணோம்.

“அம்மா எங்க சார்?”

“ஊருக்குப் போயிட்டா. வர ரொம்ப நாளாகும். நீங்க அடுத்த மாசம் வாங்களேன்.”

அவன் நைசாக வாசலுக்கு நழுவி, அந்த அம்மாவின் எண்ணுக்கு அடித்தான். மணி உள் அறையில் கேட்டது. ஃப்ரீசர் பக்கமிருந்து.

ஏணி போகட்டும், டிரில்லிங் மெஷின் போகட்டும், உயிர் மிஞ்சினால் போதும் என்று கேட்டைத் திறந்தால், எதிரே கையில் பையோடு அந்த அம்மாவே வந்துகொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க? வேலை முடிஞ்சுதா?”

“அம்மா! நீங்க ஊருக்கு...”

“எந்த ஊருக்கு? தைக்கக் குடுத்த துணியை வாங்கப் போனேன். போனை சார்ஜ்ல போட்டு மறந்துட்டேன்.”

அவன் பயந்த கதையைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். உள்ளே கடைகளுக்குப் போடுவதற்காக அவர் செய்துவைத்த ஐஸ்கிரீம், டப்பா டப்பாவாக.

“இவருக்கு ஏகத்துக்குச் சக்கரை. ஒரு பூட்டுன்னா எப்படியோ திறந்துடறார். அதான் ரெண்டு.”

எலெக்ட்ரீஷியன் அசடு வழிய ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டான். கொலைகாரன் என்று நினைத்த மனிதரைப் பார்க்க இப்போது பாவமாக இருந்தது.

“அரை மணி நேரத்துல ஐஸ் ஒண்ணும் உருகிடாது. எழுந்திருங்க” என்று அம்மா கணவரை நாற்காலியோடு இழுத்தார்.

“வேண்டாம்டி, சொன்னாக் கேளு” என்று அவர் கெஞ்சினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்தான். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஃப்ரீசரும் நிற்கவில்லை. அவன் மறுபடி போட்டு, மறுபடி அணைத்துப் பார்த்தான். எல்லாம் ஜோராக ஓடின.

“என்ன சார் இது! மெயினை அணைச்சும் வீடு பூரா கரன்ட் வருது!” என்று கத்தியேவிட்டான்.

வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினார்.

“கத்தாதீங்க தம்பி. இது பக்கத்து வீட்டுக் கரன்ட்... அங்க குடியிருக்கிற போலீஸ் இன்ஸ்பெக்டர் இன்னைக்கு வீட்லதான் இருக்கார்!”