கால்பந்தின் மூன்றாம் யுகம்

இந்த நாட்டில் கால்பந்தைக் கொன்றது கிரிக்கெட் அல்ல, அப்பாக்கள்.

பி.டி. மாஸ்டர் இதைச் சொல்லிவிட்டு, எதிரே நின்ற மருந்துக்கடைக்காரரை உட்காரச் சொன்னார். கொலையாளியையும் உட்காரவைத்துப் பேசுவதுதான் பண்பு.

உட்கார நாற்காலி இல்லை. கால்பந்து அறை என்பது கிரிக்கெட் சாமான் அறையின் பின்பாதி. சுருட்டிவைத்திருந்த கிரிக்கெட் வலை மூட்டையின் மேல் மருந்துக்கடைக்காரர் அமர்ந்தார்.

அவருடைய மகள் பள்ளி அணியின் கோல்கீப்பர். மாநிலப் பயிற்சி முகாமுக்கு இந்தப் பள்ளியிலிருந்து இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் ஒருத்தி, மாஸ்டரின் மகள் இன்னொருத்தி. போனால் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற நாளெல்லாம் முகாமிலேயே கழிந்துவிடும். போகாவிட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. மகள் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தார்.

மாஸ்டர் அவருக்கு வரலாறு எடுத்தார்.

முதல் யுகத்தில் பந்து இருந்தது, மைதானம் இல்லை. இரண்டாம் யுகத்தில் மைதானம் வந்தது. அதன் நட்டநடுவில் கிரிக்கெட்காரர்கள் பிட்ச் போட்டுவிட்டார்கள். இப்போது நடப்பது மூன்றாம் யுகம். பந்து இருக்கிறது. மைதானத்தில் ஒரு மூலை இருக்கிறது. கோல் கம்பம்கூட இருக்கிறது, கிரிக்கெட்காரர்கள் துண்டு காயப்போடாத நேரங்களில். ஆடத் தெரிந்த பிள்ளையும் இருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா வந்து நிற்கிறார், கையைப் பிசைந்துகொண்டு.

மருந்துக்கடைக்காரர் கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

டியூஷன் அப்பா, வெயில் ஆகாத அப்பா, ‘எனக்கு ஒண்ணுமில்ல சார், அவ அம்மாதான்’ என்கிற அப்பா என்று மாஸ்டர் ஒவ்வொருவராக நடித்தே காட்டினார். கடைசி அப்பா வந்தபோது மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்தார். அவர் அதைத்தான் சொல்வதாக இருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். நீங்க நாட்டுக்கே ஆடினவர். அதுல உங்களுக்கு என்ன மிஞ்சிச்சு?”

இதற்கும் மாஸ்டரிடம் கைவசம் கதை உண்டு. அவர் கோல் போட்டு ஜெயிக்கவைத்த அந்த ஒரே சர்வதேச ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள், இரண்டு அணிகளின் பஸ் டிரைவர்களையும் சேர்த்து, ஒரு வேனில் அடங்குவார்கள். மறுநாள் பேப்பரில், கிரிக்கெட் வீரர் ஒருவர் சலூன் திறந்துவைத்த படத்துக்குக் கீழே இரண்டு வரி வந்தது. அதில் அவர் அணி தோற்றிருந்தது.

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டரும் கூடச் சிரித்தார். கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்.

கதையின் மீதியை அவர் யாருக்கும் சொல்வதில்லை. அந்த கோலுக்காகக் கிடைத்தது இந்த வேலை, தற்காலிகமாக. அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். இந்த வருடம் அவளும் பொதுத்தேர்வு எழுதுகிறாள். வேலை இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறது.

“ஒண்ணும் மிஞ்சலதான்,” என்றார். “ஆனா ஆடினேன்ல? எங்கப்பா குறுக்க விழல.”

அது வேலை செய்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்துகொண்டார்.

“அனுப்புறேன் சார். உங்க பொண்ணும் கூடப் போகுதே, அந்தத் தைரியந்தான்.”

மாஸ்டர் அவரைத் தோளில் தட்டி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். வரலாற்றில் இடம்பிடித்துவிட்டீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, கால்பந்துச் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். கோல்கீப்பர் நிச்சயம் வருகிறாள், அவள் அப்பா தங்கமான மனுஷன் என்றார்.

மறுமுனையில் இன்னொருத்தியைப் பற்றிக் கேட்டார்கள்.

“இல்ல சார், என் பொண்ணு வரல.” மாஸ்டரின் குரல் தணிந்தது. “முழங்கால்ல அடி. ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

ஜன்னலுக்கு வெளியே அந்த முழங்கால் மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போய், பந்தை வலைக்குள் தட்டிவிட்டுத் துள்ளியது.

மகள் இந்தப் பக்கம் திரும்பிக் கையாட்டினாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாஸ்டரும் கையாட்டினார்.