நாலாம் நம்பர் வண்டி

"தப்பு வண்டி மேல இல்ல, ஓட்டுற ஆள் மேலதான்னு எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா. அஞ்சு நிமிஷ வேலை."

சூப்பர்வைசர் நீட்டிய ரிப்போர்ட் தாளை மெக்கானிக் வாங்கி டூல் பாக்ஸ் மேல் வைத்தார். பக்கத்தில் டிரைவரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

நேற்று குடோனில், கைப்பிடியைப் பிடித்து நடந்தபடியே அவர் ஓட்டிய நாலாம் நம்பர் பேலட் டிரக், சரக்கு வண்டி, பின்னோக்கி வந்து அவரைச் சுவரோடு நெருக்கியது. எப்படியோ விலகிவிட்டார். வண்டி ரேக்கில் மோத, மேலிருந்த பெட்டி லோடுமேன் காலில் விழுந்தது. எலும்பு முறிவு.

"கைப்பிடி நுனியில இருக்கிற சிவப்புப் பட்டன் வயித்துல முட்டினா வண்டி நிக்கணும்ல? முட்டுச்சு சார். நிக்கல," என்றார் டிரைவரம்மா.

"போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டிட்டு, இப்ப பட்டன் மேல பழி போடுறியா?"

"போன் லாக்கர்ல இருந்துச்சு சார். வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க. வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

சூப்பர்வைசருக்குக் காது இரண்டு. இந்த மாதிரி நேரத்தில் இரண்டுமே வேலை செய்யாது.

மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பேட்டரி சரியா இருக்கு."

"நான்தான் சொன்னேனே!"

"பிரேக்கும் சரி."

"அப்புறம் என்ன? எழுதுப்பா!"

மெக்கானிக் கைப்பிடி மூடியைக் கழற்றி, பட்டனுக்குப் போகும் இரண்டு ஒயரிலும் மீட்டரை வைத்தார். பீப் அடித்தது. பட்டனை அமுக்கினால் இணைப்பு அறுந்து சத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

உள்ளே டார்ச் அடித்தார். இரண்டு ஒயரையும் ஒரு பச்சை ஒயர்த் துண்டு நேராக இணைத்திருந்தது. பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் வண்டிக்குத் தெரியாது.

சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பல்.

"பார்த்தியா, கையும் களவுமா மாட்டிக்கிச்சு! வண்டி அடிக்கடி நிக்குதேன்னு இவளே இணைச்சிருக்கா. இதைப் பண்ணின கையை உடைக்கணும்!"

"ஐயோ, எனக்கு ஸ்க்ரூ கூடக் கழட்டத் தெரியாது சார்!"

மெக்கானிக் பச்சை ஒயரைப் பிடுங்கி எடுத்து உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா யோசனை? எழுது. யார் இணைச்சதுன்னு பேரையும் தெளிவா எழுது."

மெக்கானிக் எழுதினார். தெளிவாகவே எழுதினார்.

படித்த சூப்பர்வைசருக்கு முகம் மாறியது.

"யோவ், உன் பேரையே எழுதி வெச்சிருக்க? கிறுக்கா உனக்கு? வேலை போயிடும்யா!"

"மூணு மாசம் முன்னாடி இந்தப் பட்டன் ஒடஞ்சு வண்டி நகரவே இல்ல. ஸ்பேர் வர நாலு நாள் ஆகும்னேன். 'இன்னைக்கு லோடு போகலேன்னா என் தலை போயிடும், எப்படியாவது ஓட வெச்சுக் கொடுப்பா'ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினீங்க. அன்னைக்கு நான் போட்ட ஒயர் சார் இது. ஸ்பேர் வந்ததும் பட்டனை மாத்திட்டு இதை எடுக்கணும்னு இருந்தேன். மறந்துட்டேன்."

டிரைவரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. இதைக் கிழிச்சுப் போட்டுடலாம். வண்டி பழசு, தானா ரிப்பேர் ஆயிடுச்சுன்னு..."

மெக்கானிக் பேனாவை நீட்டினார்.

"கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன் சார். 'போடச் சொன்னவர்'னு."