முதல் விருப்பம்

கோவை கணபதியில் ஒரு பேக்கரியின் மாடியில், சுவரில் பச்சைத் துணி மாட்டிய ஒற்றை அறைதான் 'கட்-ஆஃப் கதிர்' யூடியூப் சேனலின் அலுவலகம். பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எத்தனையாவது இடத்தில் போட வேண்டும் என்று கதிர்வேல் அந்தத் துணிக்கு முன்னால் நின்று சொன்னால், பொள்ளாச்சியிலிருந்து சேலம் வரை பிள்ளைகள் பேனாவும் கையுமாக எழுதிக்கொண்டார்கள்.

அவன் சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆனவர்கள் பிறகு போன் செய்வார்கள். அந்த போன்களை எடுப்பதுதான் லோகப்பிரியாவின் வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "இந்த வருஷம் கட்-ஆஃப் ஏறிப்போச்சுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். போன வாரம் அவிநாசியிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டார். திட்டவில்லை. கதிர் தம்பி சொன்ன வரிசையிலேயே போட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். லோகப்பிரியாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இன்று மதியம் மூன்று மணிக்கு வந்தவர் போன் எதுவும் செய்யாமல் நேரே படியேறி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி சட்டை, ஐம்பதைத் தாண்டிய வயது. மூச்சு வாங்கியது. நாற்காலியை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை.

"ஏனுங்க தம்பி, நீங்கெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா?" என்றார். கோபத்திலும் மரியாதை மட்டும் குறையவில்லை.

கதிர்வேல் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய மகள் ஹர்ஷிணிக்குக் கட்-ஆஃப் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று. கோவையின் நல்ல கல்லூரிகளே அவளைக் கூப்பிட்டு இடம் கொடுத்திருக்கும். அவளோ கதிர்வேலின் வீடியோவைப் பார்த்துவிட்டு, சூலூரைத் தாண்டி இருக்கும் தேனருவி பொறியியல் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டுவிட்டாள். பாதி இடம் காலியாகக் கிடக்கும் கல்லூரி. கேட்டதும் கிடைத்துவிட்டது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் அதற்கு மேலே நகர வழி கிடையாது. மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த சுற்றில் மிச்சம் மீதிக்குப் போய் நிற்க வேண்டும்.

"அங்க வேண்டாங் கண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க. 'வெளியாளு ஒருத்தரு அத்தனை பெருமையாச் சொல்றாரு, நீங்க மட்டும் ஏம்ப்பா மட்டந்தட்டறீங்க'ன்னு என்னையவே கேக்கறா."

அந்தக் கல்லூரியைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல லோகப்பிரியா கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அங்கே வாத்தியார்கள் எண்ணிக்கை இரண்டு மடங்காகுமாம். லேத் மெஷினுக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷனே கொடுக்கவில்லையாம். மாணவர்களை வேலைக்கு எடுத்த பெரிய நிறுவனம் என்று வீடியோவில் வந்தது, அந்தக் கல்லூரி கேன்டீனுக்குத் தண்ணீர் கேன் போடும் நிறுவனமாம். மகளுக்காக மனிதர் எங்கெல்லாம் அலைந்து விசாரித்திருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

கதிர்வேல் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் நிஜம்தான், காலேஜ் கொடுத்த காசுக்குத்தான் பேசினேன் என்று ஒப்புக்கொண்டான்.

"நெசம்னு தெரிஞ்சுமா அப்படிப் பேசுனீங்க? பாத்த எனக்கே அங்க போய்ச் சேந்துக்கலாமான்னு இருந்துச்சு. உங்களைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாத்தானுங்க புத்தி வரும்."

"போலாமுங்க. நானும் கூட வாரேன்" என்றான் கதிர்வேல் நிதானமாக.

அந்தத் திமிர்தான் லோகப்பிரியாவைக் கிளப்பிவிட்டது. யாரிடமும் நிமிர்ந்து பேசி அறியாதவள். வேலை போனால் போகட்டும் என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"போலீசுக்கு அப்புறம் போலாமுங்க அய்யா. மொதல்ல கலந்தாய்வு ஆபீசுக்கு ஒரு புகார் அனுப்பிப்போடலாம். காலேஜே பொய் சொல்லி ஏமாத்திருச்சுன்னு எழுதுனா, பாப்பாவுக்கு ஏதாச்சும் வழி பண்ணுவாங்க. நானே சாட்சிக் கையெழுத்துப் போடறனுங்க."

வந்தவர் திடுக்கிட்டார். காலேஜை எதற்கு இழுக்க வேண்டும், தம்பி மேல் மட்டும் எழுதினால் போதாதா என்று இழுத்தார். கௌரவமான மனிதர், பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. யூடியூப்காரன் மேல் எழுதினால் சீட் மாறாது, காலேஜ் மேல் எழுதினால்தான் மாறும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மகள்தான். சம்மதம் என்று அழுத்திவிடட்டுமா என்று உற்சாகமாகக் கேட்கும் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. இரு கண்ணு, கொஞ்சம் பொறு என்று சொல்லி போனை வைத்தவர், முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

"சரி அம்மணி, ஆனது ஆகட்டும். எழுது" என்றார்.

லோகப்பிரியா மளமளவென்று தட்டினாள். லேத் மெஷின், தண்ணீர் கேன், ஆய்வு நாள் வாத்தியார்கள் எல்லாம் வரிசையாக ஏறின. புகார் கொடுப்பவர் பெயர் கேட்டாள். வி.சுந்தரராஜுலு என்றார், தொண்டைக்குள்ளேயே. அதையும் அடித்தாள்.

"காலேஜ் சேர்மன் மேலதானுங்க புகார் போடோணும். அவரு பேரு தெரியுமுங்களா?"

சுந்தரராஜுலு தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிர்வேல்தான் பதில் சொன்னான்.

"மேல அடிச்ச பேரையே கீழயும் அடிச்சுக்கோ அம்மணி, இனிஷியலும் அதேதான்."