முன்பக்கப் படி

"தென்னை மரம் மாதிரி நிக்காத, இன்னும் குனி! முழங்கால் தரையில தட்டணும்!"

பல்தோவின் குரல் கேட்டுச் சிப்ரியானோ சன்னல் பட்டைகளின் இடுக்கில் கண்ணை வைத்தார். உள்ளே, நாளை மறுநாள் அவருடைய மகளைக் கட்டிக்கொள்ள இருக்கும் டேரல், ஆறரை அடி ஆஸ்திரேலியன், தன் வீட்டுக் கூடத்திலேயே மண்டியிட்டுத் தலை கவிழ்ந்திருந்தான். அவனைச் சுற்றி மூன்று பேர். பல்தோ அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"தலையைத் தூக்காத. வாயைத் திறக்கவே கூடாது. எங்க, மறுபடியும் செய்!"

சிப்ரியானோவுக்கு விளங்கிவிட்டது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், மணிலாவுக்குத் தெற்கே இலோய்லோ நகரில், கல்லூரிச் சகோதரச் சங்கத்தில் இந்த மூன்று பேரையும் இப்படித்தான் மண்டியிட வைத்து, துடுப்புக் கட்டையால் அடித்துச் சேர்த்துக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து இன்றுவரை ஒருவருக்கொருவர் 'ப்ராட்', அதாவது சகோதரன்தான். ஒரு ப்ராட் கேட்டு இன்னொரு ப்ராட் மறுக்கக் கூடாது என்பது சங்கத்தின் சத்தியம்.

இந்தப் பயலையும் ப்ராட் ஆக்கிவிட்டால் கிழவன் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்! கல்யாணத்துக்கு மணிலாவிலிருந்தும் துபாயிலிருந்தும் இந்த டார்வின் நகருக்கு வந்து இறங்கியது இதற்குத்தானா?

அவர் கதவைத் தட்டவில்லை. ஒளிந்து பார்த்தவன் என்ற பெயர் தனக்கு வரக் கூடாது என்று அப்படியே திரும்பிவிட்டார்.

வீட்டில் மகள் அமிஹான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் பல்தோ சித்தப்பாவுக்கு என் வீட்டு மெத்தை குத்துதாமா? மூணு பேரும் போய் அங்க தங்கியிருக்கானுங்க."

"டேரல் வீட்ல இடம் இருக்குப்பா."

"இங்க இல்லையா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளன்னிக்கு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"அதான் அப்பவே சொல்லிட்டேனே."

ஆறு மாதத்துக்கு முன்னால் டேரல், மின்சார வேலைக்குப் போட்ட பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சமையலறையில் ஒற்றை ஆளாக நின்று, "உங்க பொண்ணைக் கட்டிக்கிறேன்" என்றான். பெற்றவர்கள் முகம் தெரியாமல் அரசு விடுதியில் வளர்ந்தவன். பெரியவர்களோடு முன்வாசல் வழியாக வந்து பெண் கேட்கும் முறை தெரியாதவன் கூப்பிட்டதும் லகஸ்கா குடும்பத்துப் பெண் போய்விடுவாளா? கல்யாணம் அவர்கள் இஷ்டம், தேவாலயப் பக்கம் தன் கால் வராது என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லில்தான் இன்றுவரை நிற்கிறார்.

கைபேசி அடித்தது. துபாய்க்கார நோனோய்.

"ப்ராட், உங்க வீட்டு முன்பக்கப் படி உறுதியா இருக்கா? கனம் தாங்குமா?"

"எதுக்கு? ஊருக்கு வந்ததிலேர்ந்து சமையலறைப் படியிலதானே ஏறி வர்றீங்க?"

"சும்மாதான் கேட்டேன்." பேச்சு அறுந்தது.

தூண்கள்மேல் நிற்கும் அந்த வீட்டின் முன்பக்கப் படியில் தபால்காரர்கூட ஏறுவதில்லை. என்னவோ சூழ்ச்சி செய்கிறார்கள். வரட்டும். சிப்ரியானோ பதிலை மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பக்கப் படி முனகியது. கதவைத் திறந்தார்.

மூங்கில் கழியில் கோத்துச் சுட்ட முழுப் பன்றியை நோனோயும் எர்மினும் தோளில் சுமந்து நின்றார்கள். முன்னால் பல்தோ. மூவரும் அன்னாசி நாரில் நெய்த பூவேலைச் சட்டையில். பின்னால் டேரலும் அதே சட்டையில். சட்டைக் கை அவனுக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டிருந்தது.

"என்னடா, பின்வழி மறந்துபோச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக அவர் தோளில் அறைந்து கட்டிக்கொள்ளும் பல்தோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு எல்லாம் தெரியும். நேத்து நீங்க அங்க பண்ணினது! இவனை மண்டி போட வச்சு ப்ராட் ஆக்கிட்டீங்க. சத்தியத்தைக் காட்டி என்னை மடக்கலாம்னு பாக்கறீங்க. சங்கம் வேற, என் குடும்பம் வேற!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எர்மின் வாயைத் திறக்கப் போனான். பல்தோ கண்ணால் அடக்கினான்.

சிப்ரியானோ இரண்டு விரலை மடக்கி வலது கையை டேரல் முன் நீட்டினார். சங்கத்தின் ரகசியக் கைப்பிடி அது. உள்ளே வந்தவனுக்கு முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். "எங்க, ப்ராட்னா இதைப் பிடிடா பாப்போம்!"

டேரல் அந்த மடங்கிய விரல்களைப் பார்த்து விழித்தான். பிடிக்கத் தெரியவில்லை.

பிறகு குனிந்தான். ஐந்தடி இரண்டங்குலக்காரரின் கை எட்டும் வரைக்கும், முழங்கால் பலகையில் தட்டும் வரைக்கும் குனிந்தான். வாயே திறக்காமல் அவர் கையை எடுத்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான், வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் செய்வதுபோல.

சிப்ரியானோவின் மடங்கிய விரல்கள் தாமாகவே விரிந்தன.

"பல்தோ..." அவர் நண்பன் பக்கம் திரும்பினார். "என்னடா இதெல்லாம்? யாருடா நீங்க?"

பல்தோ ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, ஐயா. உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்."