பீரோவுக்குள் ஒரு பச்சை விளக்கு

தூசி படாமலிருக்க ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துச் சாத்தியிருந்தார்கள். அதன் அலைகள் கதவில் முட்டி முட்டித் திரும்பின.

"தம்பி, என் டிஸ்க் தேஞ்சுபோச்சு. நான் அணையறதுக்குள்ள படமெல்லாம் புது லேப்டாப்புக்குப் போய்ச் சேரணும். மூச்சு முட்டுதுன்னு சிவப்பு விளக்கைக் காட்டேன்" என்று கெஞ்சியது கூடத்திலிருந்த பழைய கம்ப்யூட்டர்.

"சிவப்பைப் பார்த்தா என்னையில்ல அண்ணே கழற்றி எறிவாங்க!" என்று நடுங்கியது ரவுட்டர்.

கதவு திறந்தது. அந்த நொடியில் படங்கள் குபுகுபுவென்று ஓடின. படங்கள் ஏன் போய்ச் சேரவில்லை என்று வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பச்சைதான் எரியுது. அந்தப் பழசுதான் மக்கர் பண்ணுது" என்று கதவைச் சாத்தினாள்.

"தம்பி..." என்றது கம்ப்யூட்டர். பாதிப் படத்தோடு அதன் குரல் நின்றது.

இருட்டுக்குள், நடுக்கம் தீராமல், ரவுட்டர் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.