பலகை மட்டும் தெளிவு

“முகத்துக்குத்தான் குறி வெச்சேன், மாஸ்டர். முகம் கலங்கிப் போச்சு, பின்னாடி இருக்கிற பலகை பளிச்சுன்னு விழுந்திருக்கு” என்று கூறி, ஃபோல்கர் தம் பழைய கேமராவையும் புகைப்பட உறை ஒன்றையும் மேசைமீது வைத்தார்.

வெட்ஸ்லார் நகரில் அவ்வகைக் கேமராவைப் பழுதுபார்ப்பதில் அன்ஸ்காருக்கு இணையானவர் இல்லை. ஆகவே, அவருடைய மனைவி ரோஸ்வித்தாவைத் தம்மோடு அழைத்துச் சென்றுவிட்ட பள்ளி ஆசிரியர் ஃபோல்கருக்கும், அவரிடமே வருவதன்றி வேறு வழி இருக்கவில்லை. தாயோடு சென்ற மகள் இல்காவிடம், “அந்த ஆள் வர்ற இடத்துக்கு நான் வரமாட்டேன்” என்று அன்ஸ்கார் சொன்னதோடு, தந்தைக்கும் மகளுக்கும் பேச்சு நின்றிருந்தது.

“சனிக்கிழமை கல்யாணம். அதுக்குள்ள சரிபண்ணிக் குடுத்துடுங்க” என்று சென்ற மாதம் ஃபோல்கர் தலைகுனிந்து கேட்டபோது, அன்ஸ்காரின் வயிறு எரிந்தது. மணவிலக்குத் தாளின் மைகூடக் காயவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார்.

சிறு கண்ணாடிச் சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகப் பொருந்தினால் குறி சரி என்பதே அக்கேமராவின் முறை. அன்ஸ்கார் பழுதை நீக்கியபின், உள்ளிருந்த திருகாணி ஒன்றை மயிரிழை திருப்பிவைத்தார். அதன்பின் பிம்பங்கள் பொருந்தினாலும், லென்ஸ் சற்று அப்பாலேயே நோக்கும். வெயிலில் லென்ஸின் துளையைச் சுருக்கி எடுப்பதால் அப்பிழை தெரியாது. கல்யாணம் நடக்கும் பதிவு அலுவலகத்தின் மங்கிய அறையில் துளையை அகலத் திறந்தால் தப்பாது.

“கை நடுங்கியிருக்கும், வாத்தியாரே. கல்யாணப் பதற்றம்.”

“கை நடுங்கினா பலகையும்ல கலங்கியிருக்கணும்? ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு பிம்பத்தையும் நானே ஒட்டவெச்சுப் பார்த்துட்டுத்தான் அமுக்கினேன்.”

“அப்ப கண்ணுதான் கோளாறு. இந்த வயசுல புதுசா எதையும் கட்டிக்கக் கூடாது.”

அன்ஸ்கார் மிகுந்த பொறுப்புடன் கேமராவைத் தாங்கியில் பொருத்தி, பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தார். எதிரே சாய்த்துவைத்த அளவுகோலைப் பூதக்கண்ணாடி வழியே நெடுநேரம் நோக்கினார்.

“கொஞ்சம் பின்னாடிதான் போகுது. எங்கயாவது இடிச்சிருப்பீங்க.”

“இடிக்கலியே மாஸ்டர். குழந்தை மாதிரி வெச்சிருந்தேன்.”

அன்ஸ்கார் உறையைப் பிரித்துப் படங்களை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்தார். ‘புகைபிடிக்கத் தடை’ என்னும் பலகை, அதன் துருப்பிடித்த ஆணிவரை துலங்கியது. முன்னே வெள்ளைத் தொப்பி. அதன்கீழ் எங்கிருந்தாலும் அவர் அடையாளம் காணக்கூடிய அந்தத் தாமிர நிறக் கூந்தல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரைத்த மாவு. அருகில் நின்ற மணமகன் வெறும் கரிய தீற்றல்.

“ஏதாவது ஒரு படமாவது தேறுமா, மாஸ்டர்? பிரிண்ட் போடும்போது சரிபண்ண வழி இருக்கா?”

“பிலிம்ல முகம் விழுந்திருந்தாத்தானே வரும்? பேசாம இன்னொரு தரம் கல்யாணம் பண்ணி எடுத்துக்குங்க. உங்க வீட்டுக்கு அது ஒண்ணும் புதுசில்லையே.”

ஃபோல்கர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லாதது அன்ஸ்காருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

“எனக்காக நான் கேட்கல. இந்தப் படத்தையெல்லாம் உங்ககிட்ட குடுக்கச் சொல்லித்தான் அவ எடுக்கச் சொன்னா. மறுநாளே ரெண்டு பேரும் கனடாவுக்குக் கிளம்பிட்டாங்க. இனி எப்ப வருவாங்களோ.”

“எனக்கா? யாரு குடுக்கச் சொன்னது?”

“கல்யாணப் பொண்ணுதான், மாஸ்டர். உங்க இல்கா.”